மணமகள் அறையில் நடந்த தேர்வு

பூந்தமல்லியில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், ஒரு சிறிய திருமண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் அதன் முதல் மாடியிலுள்ள உணவுக்கூடத்தில், மறதி நோய் கண்டவர்களுக்கு உடலுக்கும் மனத்திற்கும் பயிற்சி கொடுத்து வந்தார்கள். நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்கள் காலையில் வருவார்கள். சற்று முற்றியவர்கள் மதிய உணவுக்குப் பிறகு வருவார்கள். நடத்தியவர்கள் அதை ‘நிகழ்ச்சி’ என்றார்கள். அழைத்துவந்த நாங்கள் ‘வகுப்பு’ என்றோம். நான் அவ்வாறு சொன்னதோடு நில்லாமல் அவ்வாறே நம்பியும்விட்டேன்.

என் மனைவிக்கு அப்போது அறுபத்தாறு வயது நிறைந்திருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ‘செக்கிங்’ பிரிவில் வேலை பார்த்தவள். தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டுவதும், பொத்தான் ஆடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பதும், குறை இருந்தால் அந்த இடத்தில் சிறு ஒட்டுத்தாளை ஒட்டித் திருப்பி அனுப்புவதும் அவளுடைய பணி. அவள் கையைத் தாண்டிக் குறையுள்ள சட்டை போகாது என்று மேற்பார்வையாளர்களே சொல்வார்கள். அப்படிப்பட்டவள் ஒருநாள் திருவேற்காட்டில் எங்கள் ரேஷன் கடை வரிசையில் பையோடு நின்றுகொண்டு, தான் எதற்காக வந்தோம் என்று முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அடுத்த மாதமும் கேட்டாள். அப்போது சிரிக்கவில்லை.

அரசு மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மறதி நோயின் ஆரம்பம் என்றார். மாத்திரையால் ஆவது கொஞ்சம்தான் என்றும், கையும் காலும் மனமும் ஏதேனும் ஒன்றில் ஈடுபட்டிருந்தால் நல்ல நாள்கள் கூடுதலாகக் கிடைக்கலாம் என்றும் சொல்லி, பூந்தமல்லி மண்டபத்தின் முகவரியை அவரே எழுதிக்கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமையே ஷேர் ஆட்டோவில் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. எட்டுப் பேர் வட்டமாக நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கினார்கள். தரையில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாவின்மேல், ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து, கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார்கள். அதன் பிறகு பந்து வந்தது. பந்தைப் பிடித்தவர் ஒரு காய்கறியின் பெயரைச் சொல்லிவிட்டு மற்றொருவருக்கு எறிய வேண்டும். என் மனைவியிடம் பந்து வந்தபோது அவள் ‘சொரக்கா’ என்று சொல்லிவிட்டு எறிந்தாள். அது எதிரில் அமர்ந்திருந்த ஒரு பாயின் வழுக்கைத் தலையில் பட்டு எகிறியது.

பாய் பூந்தமல்லிக்காரர். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கடையை நாற்பது ஆண்டுகள் நடத்தியவர்.

“இன்னாம்மா, என் தல உனுக்குக் கூடை மாரி கீதா?” என்றார்.

“கூட மாரி இல்ல பாய், சொரக்கா மாரியே கீது. அதான் வெலாசம் தப்பாமப் போச்சி” என்றாள் என் மனைவி.

கூடம் முழுவதும் சிரித்தது. அந்த ஓர் ஆண்டில் அவள் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை. அன்று முதல், திங்கள், புதன், வெள்ளி என்றால் எனக்கு முன்பாகவே புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். தினசரி நாள்காட்டியில் தாளைக் கிழித்துப் பார்த்து, “இன்னிக்கு பாய் தலைக்கு நாளு” என்பாள்.

அழைத்துவந்தவர்கள் உள்ளே அமரக்கூடாது என்பது காலை நேரத்து விதி. விருந்தினர் கை கழுவுவதற்காக வரிசையாகக் குழாய் வைத்திருந்த தாழ்வாரத்தில் நாங்கள் காத்திருப்போம். மகள்கள், மருமகள்கள், என்னைப்போன்ற முதியவர் ஓரிருவர். பாயின் மனைவியும் அங்கேதான் இருப்பார். கையில் எப்போதும் தஸ்பீஹ் என்ற ஜெபமணிமாலை உருண்டுகொண்டிருக்கும். அதனால் பேச்சு நின்றதாக நினைவில்லை. என்னை அண்ணன் முறை வைத்துத்தான் அழைப்பார்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியே அழைத்துச் சில கேள்விகள் கேட்பார்கள். அதற்கு மண்டபத்தின் மணமகள் அறையைப் பயன்படுத்தினார்கள். சுவரளவு கண்ணாடி ஒன்றும், அதன் விளிம்பில் எத்தனையோ மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன பொட்டுகளும் அந்த அறையில் இருந்தன. கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. ஆகவே உள்ளே கேட்கப்படுவது தாழ்வாரத்தில் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். இன்று என்ன கிழமை, எந்த மாதம், நாம் இருப்பது எந்த ஊர், எத்தனையாவது மாடி என்று தொடங்குவார்கள். பிறகு மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சற்று நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, அந்த மூன்றையும் திரும்பக் கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே மூன்று சொற்கள்: பூசணிக்காய், சைக்கிள், தலையணை. என் மனைவி முதல் முறை பூசணிக்காயை மட்டும் சொன்னாள்.

மதிப்பெண் குறைந்தவர்களை மதியத்திற்கு மாற்றிவிடுவார்கள் என்று தாழ்வாரத்தில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் படியிறங்கும் வேளையில் மதிய அணியினர் படியேறி வருவார்கள். ஒருவருடைய இடுப்பைத் துணைக்கு வந்தவர் பின்னாலிருந்து பிடித்திருப்பார். இன்னொரு மூதாட்டி, எதிரில் வருகிற எல்லோரையும் தம் மகனென்று எண்ணி, சாப்பிட்டாயா என்று கேட்பார். ஒருநாள் அவர் என்னையும் கேட்டார். சாப்பிட்டேன் அம்மா என்றேன். ஆனால் என் மனம் அப்போது அவர்மேல் இரக்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வரிசையில் என் மனைவியை நிற்க விடமாட்டேன் என்றுதான் அது சொன்னது.

என்னைப்பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே செல்வதற்கில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அம்பத்தூரில் ஒரு கடைசல் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். முப்பத்து நான்காம் வயதில், தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறினேன். சொல்லிக்கொடுக்க எனக்கு எவரும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் விடைகளையும், பொருள் விளங்கினாலும் விளங்காவிட்டாலும், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை மனப்பாடம் செய்தேன். இயந்திரத்தின் ஓசைக்கு நடுவே உரக்கச் சொல்லிப் பார்ப்பேன், யாருக்கும் கேட்காது. அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் எழுத்தர் நாற்காலிக்கு வந்தேன். மனப்பாடம் செய்து கடக்க முடியாத தேர்வு உலகத்தில் இருக்கிறது என்று என்னிடம் யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த தேர்வு தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இரண்டு மாத காலம் இருந்தது. நான் வீட்டில் பாடம் நடத்தத் தொடங்கினேன்.

விடியற்காலையில் காபி குடித்ததும் அவளை மேசைக்கு எதிரே உட்கார வைப்பேன். மணமகள் அறையில் கேட்கிற வரிசையிலேயே கேட்பேன். கிழமை நாள்தோறும் மாறுவது அவளைக் குழப்பியது.

“இன்னிக்கு இன்னா கெழம, சொல்லு.”

“நேத்து நீ சொல்லிக் குடுத்தத சொல்லவா, இன்னிக்கு சொல்லிக் குடுக்கப் போறத சொல்லவா?”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை நான் தவறான வழியில் தீர்த்தேன். தேர்வு நாள் வெள்ளிக்கிழமை; ஆகவே விடை வெள்ளி. தேர்வு மாதம் தை. ஆகவே விடை தை. இரண்டையும் நிலையான விடைகளாகக் கற்பித்துவிட்டேன். அவள் தாளைக் கிழித்துப் பார்த்து வேறு கிழமையைச் சொல்லிவிடுகிறாள் என்பதற்காக, சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றிப் பீரோவின் மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லா நாளும் வெள்ளிக்கிழமையாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அவ்வாறே செய்தாள். சளி பிடித்துக்கொண்டது. நான் அவள் தலையைத் துவட்டிவிட்டபடியே, “பூசணிக்காய்க்கு அப்புறம் இன்னா?” என்று கேட்டேன்.

மூன்று சொற்களில் மூன்றாவது அவளுக்குத் தலகாணி என்றே வந்தது. தலையணை என்று திருத்தினேன். இரண்டும் ஒன்றுதான் என்றாள். தேர்வில் அப்படியே சொல்ல வேண்டும் என்று நான் மூக்குக்கண்ணாடிக் கூட்டால் மேசையைத் தட்டினேன். அவள் தோள் ஒடுங்கியது. அந்த ஒடுக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எங்களுக்குத் திருமணமான புதிதில், மூன்றாம் வகுப்பில் படிப்பை விட்டிருந்த அவளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க முயன்றேன். கையில் ஓர் அடிக்கோலை வைத்துக்கொண்டு தரையைத் தட்டுவேன். அவளை அடித்ததில்லை. ஆயினும் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட அன்றே பலகையை மூடிவைத்து, இதற்குமேல் வேண்டாம் என்று அழுதாள். நானும் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு விடத் தெரிந்திருந்தது.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு காலையில் மேசைக்கு எதிரே வந்து நின்று, “ஒக்காரட்டுமா சார்?” என்றாள்.

விளையாடுகிறாள் என்று எண்ணி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் உட்காரச் சொல்லும் வரையில் நின்றுகொண்டே இருந்தாள். அதை நான் பணிவின் அடையாளமாக, பாடம் பிடிபட்டுவிட்டதன் அடையாளமாகக்கூட எடுத்துக்கொண்டேன்.

தேர்வில் அவள் நன்றாகவே செய்தாள். தாழ்வாரத்தில் நின்று நான் ஒவ்வொரு விடையையும் கேட்டேன். வெள்ளி. தை. பூந்தமல்லி. முதல் மாடி. பிறகு தலையணை உட்பட மூன்று சொற்களும், இடையில் மூச்சு விடாமல். வகுப்பை நடத்திய அம்மையார், என் மகளைவிட இளையவர், வெளியே வந்து, “ஆச்சரியமா இருக்கு ஐயா, அம்மா ரொம்ப நல்லா முன்னேறியிருக்காங்க” என்றார். நான் கீழே சென்று இனிப்புக் கடையில் பால்கோவா வாங்கி வந்து தாழ்வாரத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

பாயின் மனைவி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, “அண்ணி பாஸாயிட்டாங்களா? எந்தக் காலேஜுல சேக்கப் போற அண்ணே?” என்றார்.

“உங்க ஊட்டுக்காரருக்கும் அந்த மூணு வார்த்தய சொல்லிக் குடுத்திருக்கலாமே. நீங்களும் வெளியிலருந்து கேட்டுகினுதான கீறீங்க?” என்று நான் கேட்டேன்.

“பூசணிக்கா தெரிஞ்சி அவரு இன்னா பண்ணப் போறாரு? எம் பேரு தெரியுது, ஊட்டு வழி தெரியுது. அது போற வரைக்கும் போதும்ணே” என்றார். நான் அதைப் படிப்பறிவில்லாதவர் பேச்சு என்று அன்று எண்ணினேன். அவர் படித்தவரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

முன்னேறிவிட்டாள் என்பதால் அவளுக்கு இடம் மாற்றினார்கள். கூடத்தின் சன்னல் ஓரத்தில் ஒரு மேசை இருந்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் தலைமையாசிரியை ஒருவரும் அங்கே அமர்ந்து செய்தித்தாளைப் படித்துப் பேசுவார்கள்; எளிய கணக்குகள் போடுவார்கள்; படத்தைப் பார்த்துக் கதை சொல்லுவார்கள். பந்து விளையாட்டு நடக்கிற நேரத்தில்தான் மேசை வேலையும் நடக்கும். என் மனைவி கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிப் பந்து போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்தின் கதவிடுக்கு வழியே நான் அதைக் கண்டேன். பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாய் ஒருநாள் எழுந்து மேசைக்கு அருகில் வந்து, தம் தலையைத் தட்டிக் காட்டி, “காலியாவே கீதும்மா, வந்து அடி” என்றார். அவள் நானிருந்த கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஓரிரு வாரங்களில், வகுப்புள்ள நாள்களில் அவள் செருப்பு காணாமல் போகத் தொடங்கியது. அரிசி டிரம்முக்குள் ஒருமுறை இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருமுறை. தேடி எடுத்து மாட்டிவிட்டு அழைத்துப்போவேன். மறதியின் வேலை என்று நினைத்தேன். மறைத்து வைக்குமளவுக்கு அவளுக்கு நினைவிருந்தது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள், வகுப்பு நடுவில் அம்மையார் என்னை உள்ளே அழைத்தார். சன்னல் மேசைக்குக் கீழே தரை நனைந்திருந்தது. என் மனைவியின் புடவையும் நனைந்திருந்தது. அவள் சுண்டு விரலை உயர்த்திப் பிடித்தபடியே இருந்தாள். வெகு நேரமாக அப்படிப் பிடித்திருக்கிறாள். கழிவறைக்குப் போக ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் சிறுபிள்ளையின் விரல். மேசையில் இருந்தவர்கள் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்கள். வகுப்பு நடத்துபவர்கள் பந்தாட்டத்தில் இருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தின் நடுவே அத்தனை நேரம் உத்தரவுக்காகக் காத்திருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் விரலைச் சட்டென்று இறக்கி, “நான் கேட்டேன் சார்” என்றாள்.

பாயின் மனைவி தம் பையிலிருந்த மாற்றுத் துப்பட்டாவைக் கொண்டுவந்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டி, “வா அண்ணி, எனக்கும் அவசரந்தான்” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அம்மையார் என்னை மணமகள் அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். அது முழுவதும் சாத்தாது என்பது எனக்குத் தெரியும்.

“ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல யாராவது அம்மாவ மெரட்டுறாங்களா? ‘தப்பா சொன்னா சார் அடிப்பாரு’னு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. யாரு அந்த சார்?”

கண்ணாடியில் என் முழு உருவமும் எதிரே நின்றது. நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல், கண்ணாடி விளிம்பிலிருந்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விடியற்காலைப் பாடம், கழற்றி வைத்த நாள்காட்டி, நிலையான வெள்ளிக்கிழமை, கண்ணாடிக் கூடு. அடித்ததில்லை என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நாங்களும் அந்த மூணு வார்த்தைய அப்பப்ப மாத்தியிருக்கணும். எங்க தப்பும் இருக்கு. ஆனா ஐயா, இது பாஸ் ஃபெயில் இல்ல. செருப்புக் கடைல கால் அளவு எடுக்கறாங்க இல்ல, அந்த மாதிரிதான். நீங்க கால அமுக்கிப் பிடிச்சு அளவு குடுத்துட்டீங்க.”

“மத்தியானத்துக்கு மாத்திடுவீங்கனுதான்…” என்று தொடங்கினேன்.

“மத்தியானம்னா என்ன ஐயா? அங்கயும் மனுஷங்கதான் இருக்காங்க.”

மறு வாரம் புதிய சொற்களை வைத்து மீண்டும் கேட்டார். அம்முறை நானும் உள்ளே இருக்கலாம் என்றார். நான்தான் தாழ்வாரத்திலேயே நின்றேன். அன்று புதன்கிழமை. என் மனைவி வெள்ளி என்றாள். மாசி முடியும் தறுவாயில் தை என்றாள். அம்மையார் புதிய மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து அவற்றைக் கேட்டபோது, அவள் கதவை நோக்கித் திரும்பி, எனக்குக் கேட்கும்படியாக உரத்த குரலில், “பூசணிக்காய், சைக்கிள், தலையணை” என்றாள். தலையணை என்பதை எவ்வளவு திருத்தமாகச் சொன்னாள்! பிறகு, “சரியா சார்?” என்று கேட்டாள். அம்மையாரிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

“சரிம்மா” என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னேன்.

பங்குனி முதல் அவளை மதியத்திற்கு மாற்றினார்கள். பாயும் அந்தச் சமயத்தில்தான் மதியத்திற்கு வந்தார். அவருக்கு வீட்டு வழி தவறத் தொடங்கியிருந்தது. நாள்காட்டியை மீண்டும் சுவரில் மாட்டினேன். மேசையைப் பழைய சாமான் வாங்குகிறவரிடம் போட்டுவிட்டேன். அம்மையார் எனக்கு ஒரே ஓர் அறிவுரை கொடுத்தார்: “கேள்வி கேக்காதீங்க ஐயா. கேக்கறதுக்குப் பதிலா சொல்லுங்க. ‘நம்ம பொண்ணு எப்ப வந்தா, ஞாபகம் இருக்கா?’ வேண்டாம். ‘நேத்து நம்ம பொண்ணு வந்தா, மாம்பழம் கொண்டாந்தா.’ அவ்வளவுதான்.”

கேட்பதற்கு எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தபோதுதான், ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கையில் நான் அவளிடம் பேசியது பெரும்பாலும் கேள்வியாகவே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. சாப்பாடு ஆச்சா. சாவி எங்க. யாரு வந்தது. பால் வாங்கினியா. என்னால் அரை நாள் ஊமையாக இருக்க முடிந்தது. கேள்வி இல்லாத ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. தேநீர் போட்டுக்கொண்டு போய், ‘சர்க்கரை போதுமா’ என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு பூசணிக்காயில் தொடங்கி மூன்றையும் சொன்னாள். தேநீர் ஆறிப்போயிற்று. அதன் பின்னர், “சர்க்கரை போட்டிருக்கேன், குடி” என்று சொல்லப் பழகினேன். சில நாள் அதன்பிறகு, “நீயும் குடி” என்பாள்.

வீட்டில் அவள் சிறிது சிறிதாக இளகினாள். பழையபடி வாசல் படியில் என்னோடு உட்கார்ந்து, முருங்கைக்கீரை ஆய்ந்தாள். ஆனால் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும் இடத்தில் மட்டும் நான் அவளுக்கு சாராகவே இருந்தேன்.

மதிய அணியில் துணைக்கு வந்தவர்களும் உள்ளே அமர வேண்டும் என்பது ஏற்பாடு. நான் அஞ்சிய இடம் அதுவல்ல என்பதை முதல் நாளே கண்டேன். துண்டுகளை மடித்து அடுக்கினார்கள். பச்சைப் பட்டாணி உரித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடந்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கும் அந்த மூதாட்டி, பட்டாணி உரித்துக்கொண்டே எல்லோரையும் கேட்டார். எல்லோரும் சாப்பிட்டேன் என்றார்கள். பந்தும் இருந்தது. காய்கறியின் பெயர் சொல்ல வேண்டியதில்லை, எறிந்தால் போதும்.

நான் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தேன். அவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். பந்து அவளிடம் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“எறி, சும்மா எறி” என்றேன்.

எறியவில்லை. எவருக்கு எறிந்தால் சரி என்று என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். பந்தை நானே வாங்கிப் பாய்க்கு எறிந்தேன். அடுத்த வகுப்பிலும் இப்படியே நடந்தது. அதற்கடுத்த வகுப்பில் நான் எதிர்ப்பக்கம் போய் அமர்ந்தேன். பந்து கூடம் முழுவதும் சுற்றியது. அவளிடம் போகும்போதெல்லாம் நின்றது.

பாயின் மனைவி என்னிடம் வந்து, காதருகில், “அண்ணே, கீழ போய் ஒரு டீ சாப்ட்டு வா” என்றார்.

“இப்பதான் சாப்ட்டேன்.”

“இன்னொண்ணு சாப்டு. நான் அண்ணி பக்கத்துல குந்திக்கறேன்.”

நான் எழுந்து போனேன். படிகளில் பாதி இறங்கியதும் நின்றுவிட்டேன். வெளியே மெட்ரோ தூண்களுக்கு நடுவே பேருந்துகள் ஊர்ந்து சென்றுகொண்டிருந்தன. மேலே பந்து தரையில் விழும் ஓசை கேட்டது. பாய் ஏதோ சொன்னார். பிறகு என் மனைவி சிரித்தாள். மேலே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. ஏறவில்லை. ஏறினால் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று முதல் அவளைப் படியின் கடைசி வரை கொண்டுபோய், பாயின் மனைவியிடம் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுகிறேன். அவர் ஒரு கையில் கணவரையும் மறுகையில் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு உள்ளே போகிறார். இரண்டு மணி நேரம் நான் எதிரிலுள்ள டீக்கடைப் பலகையில் இருப்பேன். கூட்டம் குறைவாக இருந்தால் படியில் உட்காருவேன். விதிப்படி நான் உள்ளே இருக்க வேண்டியவன் என்பது அம்மையாருக்குத் தெரியும். ஒருமுறை படியில் என்னைக் கடந்து போனபோது, மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சென்ற வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நல்ல நெரிசல். என் மனைவி என் தோளோடு ஒட்டி அமர்ந்திருந்தாள். திருவேற்காடு திருப்பம் வருவதற்கு முன்பாக, பக்கத்திலிருப்பவர்களுக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்:

“இன்னிக்கும் அந்த சாரு வரல. நிம்மதியா இருந்துச்சி. யார்கிட்டயும் சொல்லிடாத, இன்னா?”

“சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவள் என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். என்னை யாரென்று எண்ணிக்கொண்டு அதைச் சொன்னாள் என்று அறிய மனம் அடித்துக்கொண்டது. கேட்கவில்லை. ஆட்டோ நின்றதும் முதலில் நான் இறங்கிக் கையை நீட்டினேன். “ஊடு வந்துடிச்சி, எறங்கு” என்றேன்.